இயற்கை வளத்தைக் காக்கும் தர விதிகளும் சான்று முத்திரையும்

சந்தைக்கு வரும் பொருளின் நிறத்தையும் மணத்தையும் எடையையும் வாங்குகிறவர் தாமே பார்த்து அறிந்துகொள்ளலாம். ஆனால் அப்பொருள் விளைந்த வயலில் எந்த மருந்து தெளிக்கப்பட்டது, அதற்கான மரம் வெட்டப்பட்ட காட்டில் மீண்டும் கன்று நடப்பட்டதா, அந்த மீனைப் பிடித்தவர்கள் குஞ்சுகளை விட்டுவைத்தார்களா என்பவற்றை அவர் கண்ணால் காண இயலாது. விற்கிறவர் சொல்லை நம்ப வேண்டும். அல்லது நடுநிலையான ஒருவர் நேரில் பார்த்துக் கூறும் சாட்சியத்தை நம்ப வேண்டும். இந்தச் சாட்சியத்தை ஒழுங்கான முறையில் அளிப்பதற்காகத் தோன்றியவையே தன்விருப்பத் தர விதிகளும், அவற்றை ஒட்டிய சான்று முத்திரைகளும் ஆகும்.

நம் விவசாயிகளுக்கு இது முற்றிலும் புதிய செய்தி அன்று. சான்று பெற்ற விதை மூட்டையில் தைக்கப்பட்டிருக்கும் நீல நிறச் சீட்டை அனைவரும் அறிவர். விதை நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்தால் அதன் இனத்தூய்மை தெரியாது. விதைப்பண்ணையைப் பயிர்க் காலத்தில் ஒருவர் பார்வையிட்டார், கலவன்கள் நீக்கப்பட்டன, முளைப்புத் திறன் சோதிக்கப்பட்டது என்பதற்கு அச்சீட்டே சாட்சி. 1966ஆம் ஆண்டு விதைச் சட்டத்தின்படி, அறிவிக்கப்பட்ட இரகங்களின் விதைகளுக்கு விவரச் சீட்டு கட்டாயம். சான்று பெறுவதோ உற்பத்தியாளரின் விருப்பம். ஆயினும் நீலச் சீட்டு உள்ள விதையை நாடிச் செல்வோர் பலர். நம்பிக்கைக்கு ஒரு மதிப்பு உண்டு என்பதை இது காட்டுகிறது.

பொருளின் தரமும் செய்முறையின் தரமும்

தரம் என்பதை இருவகையாகப் பிரித்துப் பார்க்கலாம். முதலாவது, பொருளின் தரம். 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே வந்த அக்மார்க் முத்திரை இவ்வகையைச் சேர்ந்தது. நெய்யிலும் தேனிலும் கலப்படம் உண்டா, ஈரப்பதம் எவ்வளவு என்பவற்றைச் சோதனைச் சாலையில் அறிந்து அம்முத்திரை இடப்படுகிறது. இரண்டாவது, செய்முறையின் தரம். பொருள் எவ்வாறு உண்டாயிற்று, அதனால் மண்ணும் நீரும் உழைப்பாளியும் என்ன ஆயினர் என்பதைப் பற்றியது இது. இதனைச் சோதனைச் சாலையில் மட்டும் அறிய முடியாது. நிலத்திற்கும் நீர்நிலைக்கும் தொழிற்சாலைக்கும் நேரிற் சென்று பார்க்க வேண்டும். கணக்குகளைப் புரட்ட வேண்டும். வேலை செய்வோரிடம் விசாரிக்க வேண்டும்.

இவ்விரண்டாம் வகைக்கு மூன்று உறுப்புகள் இன்றியமையாதவை. எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யலாகாது என்று வரையறுக்கும் விதி ஒன்று. விதிப்படி நடக்கிறதா என்று பார்க்கும் தணிக்கை ஒன்று. தணிக்கையில் தேறியதை வாங்குவோருக்கு அறிவிக்கும் முத்திரை ஒன்று. விதியை எழுதுபவரும் தணிக்கை செய்பவரும் பொருளை விற்பவரும் ஒருவராகவே இருப்பின் அம்முத்திரைக்கு மதிப்பு இராது. ஆகவேதான் இப்பணிகள் தனித்தனி அமைப்புகளிடம் ஒப்படைக்கப்படுகின்றன.

இம்முறை தோன்றிய வரலாறு

1992ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனீரோ நகரில் உலக நாடுகள் கூடிச் சுற்றுச்சூழலைப் பற்றி ஆராய்ந்தன. காடுகளைக் காப்பதற்கு எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை ஒன்று அங்கே ஏற்படவில்லை. அரசாங்கங்களுக்குள் உடன்பாடு காண முடியாத நிலையில், மரவியாபாரிகள், காட்டுவாழ் மக்களின் பிரதிநிதிகள், இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தினர் ஆகியோர் 1993இல் கனடா நாட்டின் டொராண்டோ நகரில் கூடிக் காடு மேற்பார்வை மன்றம் ஒன்றை நிறுவினர். அம்மன்றத்தின் அமைப்பு கவனிக்கத்தக்கது. அதில் பொருளாதார அவை, சமூக அவை, சுற்றுச்சூழல் அவை என மூன்று அவைகள் உண்டு. மூன்றுக்கும் சமமான வாக்கு வலிமை. பணம் உடையவர் என்பதற்காக வியாபாரிக்குக் கூடுதல் வாக்கு இல்லை. ஒவ்வோர் அவையினுள்ளும் வளர்ந்த நாடுகளுக்கும் வளரும் நாடுகளுக்கும் சரிபாதி இடம் தரப்பட்டது.

அதே 1992ஆம் ஆண்டில் கனடாவின் கீழ்க் கரையில் ஒரு பெரிய துன்பம் நேர்ந்தது. நியூபவுண்ட்லாந்துக் கடலில் பல நூற்றாண்டுகளாக அள்ள அள்ளக் குறையாமல் கிடைத்த காட் என்னும் மீன் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டதால் அருகிவிட்டது. அரசாங்கம் அம்மீன்பிடிப்பை நிறுத்த நேர்ந்தது. சுமார் 30,000 பேர் வேலை இழந்தனர். சில ஆண்டுகளில் நீக்கப்படும் என்று எண்ணப்பட்ட அத்தடை 2024 வரை நீடித்தது. வளம் அழிந்தபின் விதி செய்வதனால் உடனே பயன் கிட்டாது என்பதற்கு இதனைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை. இத்தகைய அனுபவத்தின் பின்னரே, 1997இல், கடல் மீன்வளத்திற்கெனத் தனியானதொரு மேற்பார்வை மன்றம் இலண்டனைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்தது. மீன் இருப்பு நலமாக இருத்தல், மற்ற உயிர்களுக்கு ஊறு நேராமை, முறையான நிருவாகம் இருத்தல் ஆகிய மூன்றும் அம்மன்றத்தின் அடிப்படை விதிகள்.

அஷ்டமுடிக் காயல் தரும் பாடம்

இந்தியாவில் இந்த மீன்வளச் சான்றை முதன்முதலாகப் பெற்றவர்கள் நம் அண்டை மாநிலமான கேரளத்தில், கொல்லம் மாவட்டத்து அஷ்டமுடிக் காயலில் மட்டி எடுக்கும் எளிய மக்கள் ஆவர். சான்று கிடைத்தது 2014இல். அதன் பின்னணி நம் கிராமங்களுக்கு மிகவும் பயன் தரக்கூடியது.

அக்காயலில் மட்டி எடுக்கும் தொழில் வியாபார ரீதியாக 1981இல் தொடங்கியது. வியட்நாம், தாய்லாந்து, மலேசியா ஆகிய நாடுகளில் மட்டி இறைச்சிக்கு இருந்த கிராக்கியே இதற்குக் காரணம். 1991இல் ஆண்டுக்கு 10,000 டன் என்ற உச்ச அளவை உற்பத்தி எட்டியது. ஆனால் 1993இல் அது பாதியாகக் குறைந்துவிட்டது. குஞ்சுகளும் முட்டையிடும் பருவத்து மட்டிகளும் வேறுபாடின்றி அள்ளப்பட்டதன் விளைவு அது.

முன்பு நம் இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்து, பின்னர்க் கொச்சிக்கு மாறிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் நிபுணர்கள் இக்குறையை ஆராய்ந்தனர். அவர்களுடைய யோசனையின்பேரில் சில எளிய கட்டுப்பாடுகள் ஏற்பட்டன. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, இனப்பெருக்கக் காலத்தில், மட்டி எடுத்தலாகாது. வலைக்கண் மிகச் சிறியதாக இருத்தல் கூடாது. இயந்திரங்களைக் கொண்டு அள்ளுதல் கூடாது. ஏற்றுமதியாகும் இறைச்சியில் ஒரு கிலோவுக்கு 1,400 துண்டுகளுக்கு மேல் இருத்தல் கூடாது.

இக்கடைசி விதியைச் சற்று நின்று நோக்க வேண்டும். ‘சிறு மட்டிகளை எடுக்காதீர்’ என்று மட்டும் எழுதியிருந்தால் எது சிறியது என்பதில் சச்சரவு எழுந்திருக்கும். 1,400 என்ற எண் தராசும் எண்ணத் தெரிந்த ஒருவரும் இருந்தால் யாரும் சரிபார்க்கக்கூடியது. சிறிய மட்டிகளை எடுத்தால் கிலோவுக்கு எண்ணிக்கை கூடிவிடும், வாங்குபவர் தள்ளிவிடுவார். காயலின் நடுவில் காவற்காரர் நிற்காமலேயே கரையில் விதி நிறைவேறியது.

பின்வந்த ஆண்டுகளில் உற்பத்தி மீண்டும் ஏறக்குறைய 10,000 டன் அளவை எட்டிற்று. மட்டி எடுத்தல், சுத்தம் செய்தல், பதப்படுத்துதல், விற்றல் ஆகிய வேலைகளைக் கொண்டு சுமார் 3,000 பேர் பிழைத்து வந்தனர். மீனவர், அதிகாரிகள், விஞ்ஞானிகள் ஆகியோர் சேர்ந்த நிருவாகக் குழு ஒன்றும் அமைந்தது. அதன் பின்னரே உலகச் சான்று வந்தது. கட்டுப்பாடுகள் ஏற்பட்டதற்கும் முத்திரை வந்ததற்கும் இடையே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்தன என்பதை மறத்தலாகாது. முறை முன்னே வந்தது. முத்திரை பின்னே வந்தது. முத்திரையை முதலில் வாங்கிவிட்டு முறையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணுகிறவர்கள் இவ்வரலாற்றை நினைவிற்கொள்வது நலம்.

நல்ல தர விதியின் இலக்கணம்

மேற்கூறியவற்றிலிருந்து ஒரு தர விதியை எவ்வாறு உருவாக்க வேண்டும் என்பது தெளிவாகிறது.

1. பாதிக்கப்படுவோர் அனைவரும் விதி செய்வதில் பங்கு பெற வேண்டும். நிலமுடையோர் மட்டும் கூடிச் செய்யும் விதியில் கூலியாட்களின் நலனும், பெண்களின் வேலைப் பளுவும், மேய்ச்சற்காரர்களின் உரிமையும் விடுபட்டுப் போகும்.

2. விதி அளக்கத்தக்கதாக இருக்க வேண்டும். ‘நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துக’ என்பது அறிவுரை. ‘கிணற்று நீர்மட்டத்தை மாதந்தோறும் முதல் நாளில் அளந்து எழுதுக’ என்பது விதி.

3. விதியின் வரைவைப் பலரும் அறிய வெளியிட்டு, ஆட்சேபங்களைக் கேட்டு, அவற்றுக்கு விடை கூறிய பின்னரே முடிவு செய்ய வேண்டும்.

4. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை விதியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பயன் தராத விதியை நீக்கவும், புதிய அறிவுக்கு ஏற்ப மாற்றவும் தயங்குதல் கூடாது.

5. தவறு செய்தவர்க்கு என்ன நேரும் என்பதும், முறையீடு செய்ய விரும்புவோர் யாரிடம் செல்ல வேண்டும் என்பதும் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

சட்டம் வேறு, தன்விருப்ப விதி வேறு

தன்விருப்ப விதி சட்டத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ள முடியாது. தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவுநீரால் பாலாற்றுப் பகுதியின் நிலமும் கிணறுகளும் கெட்டதைப் பற்றிய வேலூர் வழக்கில் 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசு செய்தவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்னும் நெறி அத்தீர்ப்பில் வலியுறுத்தப்பட்டது. 2011ஆம் ஆண்டு ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும், நொய்யல் ஆற்றின் கேட்டைத் தடுக்கும் பொருட்டே ஆகும். இவை தொழிலதிபர்களின் விருப்பத்துக்கு விடத்தக்க காரியங்கள் அல்ல.

அப்படியானால் தன்விருப்ப விதியின் பயன் என்ன? சட்டம் குறைந்தபட்ச எல்லையை வகுக்கிறது. அவ்வெல்லைக்கு மேலாக நடப்பவரை அடையாளம் காட்டி, அவருக்கு நல்ல வாங்குவோரைத் தேடித் தருவது தன்விருப்ப விதி. ஒரு தொழிற்சாலை ஏதோ ஒரு முத்திரையைக் காட்டுகிறது என்பதற்காக, அதன் கழிவுநீர் வாய்க்காலைப் பஞ்சாயத்து பார்க்காமல் விட்டுவிடுதல் தகாது.

விவசாயிகளுக்குள்ள இரு வழிகள்

அங்கக விவசாயத்தில் ஈடுபடுவோருக்கு நம் நாட்டில் இரண்டு சான்று முறைகள் உள்ளன.

முதலாவது, 2001 முதல் நடைபெற்றுவரும் தேசிய அங்கக உற்பத்தித் திட்டம். இதில் அங்கீகாரம் பெற்ற சான்றளிப்பு நிறுவனம் ஒன்று நிலத்தைத் தணிக்கை செய்கிறது. நம் மாநிலத்தில் கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட விதைச்சான்று மற்றும் அங்ககச்சான்றுத் துறை இப்பணியைச் செய்கிறது. ஓராண்டுப் பயிராயின் விதைப்பதற்கு முன் இரண்டு ஆண்டுகளும், தென்னை, மா போன்ற நெடுங்காலப் பயிராயின் முதல் அறுவடைக்கு முன் மூன்று ஆண்டுகளும் மாறுதற் காலமாகப் பொதுவாகக் கொள்ளப்படுகின்றன. ஏற்றுமதிக்கு இவ்வழிச் சான்று தேவை. சிறு விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒரே சான்றைப் பெறலாம். அப்போது குழுவே தன் அங்கத்தினரின் நிலங்களைத் தவறாமல் பார்வையிட்டுப் பதிவு செய்ய வேண்டும்; வெளித் தணிக்கையாளர் அப்பதிவுகளையும் சில நிலங்களையும் சோதிப்பார்.

இரண்டாவது, பங்கேற்பு உத்தரவாத முறை. ஒரே ஊரையோ அடுத்தடுத்த ஊர்களையோ சேர்ந்த விவசாயிகள், குறைந்தது ஐவர், குழுவாகச் சேர்கின்றனர், உறுதிமொழி எடுத்துக்கொள்கின்றனர், ஒருவர் நிலத்தை மற்றவர்கள் பார்வையிட்டுக் குறிப்பெழுதுகின்றனர். குழுவின் முடிவை மண்டலக் குழு ஒன்று பரிசீலித்து ஏற்கிறது. செலவு குறைவு, உள்நாட்டுச் சந்தைக்கு ஏற்றது. இருவர் ஒருவர்க்கொருவர் மாறி மாறிப் பார்வையிட்டுக்கொள்வதைத் தவிர்த்தல் வேண்டும். ‘நீ என் குறையை மறை, நான் உன் குறையை மறைக்கிறேன்’ என்னும் பழக்கம் நுழைந்தால் குழு கெட்டுவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அங்கக முறையில் பயிரிடுவது அவரவர் விருப்பம். ஆனால் உணவுப் பொட்டலத்தின்மீது ‘அங்கக விளைபொருள்’ என்று அச்சிட்டு விற்பதற்கு 2017ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை பொருந்தும். மேற்கூறிய இருமுறைச் சான்றுகளையும் அது ஏற்கிறது.

முதலில் கணக்கைப் பார்க்க

சான்று இலவசமாக வருவதன்று. ஆகவே கணக்குப் பார்த்தே இறங்க வேண்டும். உதாரணத்திற்காக ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இதிலுள்ள எண்கள் விளக்கத்திற்காக எடுத்துக்கொண்டவை. ஒவ்வொரு குழுவும் தன் எண்களை இட்டுக்கொள்ள வேண்டும்.

ஐம்பது விவசாயிகள் சேர்ந்த குழுவுக்குச் சான்றுச் செலவு ஆண்டுக்கு 75,000 ரூபாய் எனக் கொள்வோம். தலைக்கு 1,500 ரூபாய். தனிச் சாக்கு, தனிக் கிடங்கு, பதிவேடு ஆகியவற்றுக்கு 500 ரூபாய். ஆக 2,000 ரூபாய். முன்பு 22 குவிண்டால் விளைந்த நிலத்தில் இப்போது 20 குவிண்டால் விளைகிறது. குவிண்டால் 2,300 ரூபாய் வீதம் 4,600 ரூபாய் குறைவு. உரமும் மருந்தும் வாங்காமையால் 3,000 ரூபாய் மிச்சம். நிகரக் குறைவு 3,600 ரூபாய். இதனை 20 குவிண்டாலுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 180 ரூபாய். அதாவது, வழக்கமான விலைக்கு மேல் குவிண்டாலுக்கு 180 ரூபாயேனும் கூடுதலாகக் கிடைத்தால்தான் கைப்பிடித்தம் இல்லை. களையெடுக்கக் கூடுதல் கூலி ஆகுமாயின் அதனையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மாறுதற் காலத்தில் அங்கக விலை கிடைக்காது என்பதையும் கருத வேண்டும். அக்காலத்தைத் தாங்கும் வழி இல்லாத விவசாயி, தம் நிலம் முழுவதையும் ஒரே ஆண்டில் மாற்றுவது விவேகம் ஆகாது.

வாங்குபவர் யார் என்பது தெரியாமல் சான்றுக்குப் பணம் கட்டுவதும் தவறு. முதலில் சந்தையை விசாரித்தறிக. பிறகு குழுவைச் சேர்க்க. அதன்பின் சான்றைத் தேடுக.

போலிச் சான்றின் கேடு

நம்பிக்கையின்மேல் நிற்கும் தொழிலில் பொய் நுழைந்தால் நல்லவரும் துன்புறுவர். 2020ஆம் ஆண்டில், அங்ககத் துணிகளுக்கான உலகத் தர அமைப்பு, இந்தியாவில் சுமார் 20,000 டன் பருத்திக்குப் போலிச் சான்றுகள் உண்டாக்கப்பட்டதைக் கண்டறிந்து வெளியிட்டது. 2021ஆம் ஆண்டு ஜனவரியில், இந்தியத் தணிக்கை அமைப்பின்மூலம் தன் நாட்டு அங்கக முத்திரையைப் பெறுவதற்கு அளித்திருந்த ஏற்பை அமெரிக்க வேளாண்மைத் துறை முடித்துக்கொண்டது. வேறு ஏற்பாடு செய்துகொள்ளப் பதினெட்டு மாத அவகாசம் தந்தது. பொய் சொன்னவர் சிலர். புதிதாகச் சான்று தேடி அலைய நேர்ந்தவர்களில் நேர்மையான விவசாயிகளும் இருந்தனர்.

பருத்தியை எடுத்துக்கொண்டால், வயலிலிருந்து அரவை ஆலை, நூற்பாலை, பின்னல் ஆலை, சாயப்பட்டறை, தையற்கூடம் என்று அது பல கைகள் மாறுகிறது. ஒவ்வொரு கையிலும் வந்த எடையும் சென்ற எடையும் ஒத்திருக்க வேண்டும். நூறு மூட்டை விளைந்த ஊரிலிருந்து இருநூறு மூட்டைக்குச் சான்று போயிற்றென்றால் எங்கோ பொய் கலந்துவிட்டது. இக்கூட்டல் கழித்தலைச் செய்யப் பெரிய படிப்பு வேண்டுவதில்லை. குழுவின் காரியதரிசி ஒழுங்காகப் பேரேடு எழுதினால் போதும். விவசாயிகள் தங்கள் பெயரில் எவ்வளவு விளைச்சல் எழுதப்பட்டிருக்கிறது என்பதைத் தாமே படித்துப் பார்த்த பின்னரே கையெழுத்திட வேண்டும். வெற்றுத் தாளில் கையெழுத்திடும் வழக்கம் அறவே ஒழிய வேண்டும்.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை

சான்று தனி விவசாயியின் காரியம் என்று தோன்றலாம். ஆனால் காற்றும் நீரும் வரப்பைப் பார்த்து நிற்பதில்லை. பக்கத்து வயலில் தெளிக்கும் மருந்து இந்த வயலில் விழும். மேல்மடை வயலின் நீர் கீழ்மடைக்கு வரும். ஆகவே பொது ஏற்பாடு வேண்டும். அங்ககக் குழுவினரின் நிலங்களை வரைபடத்தில் குறித்து வைத்தல், அருகிலுள்ளோர் தெளிப்பதற்கு முன் அறிவிக்கும் வழக்கத்தை ஏற்படுத்துதல், வரப்போரம் தடுப்புப் பயிர் வளர்க்க ஊக்குதல், மழைமானிக் கணக்கையும் கிணற்று நீர்மட்டத்தையும் ஊர்ப் பலகையில் எழுதுதல் ஆகியவற்றைப் பஞ்சாயத்து எளிதில் செய்யலாம். 2002ஆம் ஆண்டின் உயிரியற் பல்வகைமைச் சட்டத்தின்படி உண்டாக்கப்படும் மக்கள் பதிவேட்டில் ஊரின் மரம், மீன், மூலிகை ஆகியவற்றைச் சரியாகப் பதிந்திருந்தால் எந்தத் தர விதிக்கும் அது அடிப்படையாக அமையும்.

ஏரி மீன், கருவேல மரம், கோரைப் புல், சீமாறுப் புல் போன்ற பொது வளங்களை ஏலம் விடும் ஊர்கள் பல. அவ்வேல நிபந்தனைகளே ஒரு தர விதியாக அமையலாம். குஞ்சு மீன் பிடித்தலாகாது, வலைக்கண் இன்ன அளவுக்குக் குறையலாகாது, இன்ன மாதங்களில் வெட்டுதலாகாது என்று கிராம சபையில் பேசி முடித்து எழுதினால் அதற்கு வெளிநாட்டு முத்திரை தேவையில்லை. ஊராரின் கண்ணே தணிக்கை. பிற்காலத்தில் முத்திரை பெற விரும்பினாலும் இப்பழக்கமே அதற்குப் படிக்கட்டாகும்.

கிராம சபையில் விவாதிப்பதற்குச் சில வினாக்கள்

1. நம் ஊரின் பொது வளங்களில் பத்து ஆண்டுகளுக்கு முன்பிருந்ததைவிடக் குறைந்துவிட்டவை யாவை? குறைந்ததை எந்த அளவைக் கொண்டு கூறுகிறோம்?

2. அவற்றுள் ஒன்றுக்கு, தராசும் அளவுகோலும் கொண்டு யாரும் சரிபார்க்கக்கூடிய விதி ஒன்றை வகுக்க முடியுமா?

3. அவ்விதியால் யாருடைய பிழைப்பு முதலில் குறையும்? மூடிய காலத்தில் அவர்களுக்கு மாற்று வேலை என்ன?

4. விதியை மீறுகிறவர் ஊரில் செல்வாக்குள்ளவராக இருப்பின், அதைக் கேட்பவர் யார்?

இந்நான்காம் வினாவுக்கு ஒளிவு மறைவின்றி விடை கண்ட ஊரே தர விதிக்குத் தயாரான ஊர் ஆகும். மற்ற ஏற்பாடுகளை அதிகாரிகளும் நிபுணர்களும் உடன் நின்று செய்து தருவர்.